துணி கிழியும் சத்தத்தில் இருமியவர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து மோசம். எழுத ஆரம்பித்தால் வரி கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். எங்கே சின்ன ரகரம், எங்கே பெரிய றகரம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. காரைக்காலில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சைகோனுக்கு வந்த பிறகு நான் எழுதியதெல்லாம் துணிக்கட்டுகளின் மேல் ஒட்டும் சீட்டுகள்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிச் சொல்லும் விஷயத்தில் பிழை இருக்காது.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். பெரிய சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவர். எனக்குப் பத்து வயது மூத்தவர். ஒல்லியான ஆள். தோள்கள் எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கியே இருக்கும், யாரோ பின்னால் நின்று சட்டையைப் பிடித்துத் தூக்கியதுபோல.

எங்கள் கடையில் அவரைப்போல் துணி கிழிக்க யாராலும் முடியாது. பாப்ளினையும் மல் துணியையும் மீட்டர் கோலால் அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று நூல் பிசகாமல் போகும். வியட்நாமியப் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே நிற்பார்கள். சில நேரம் யாரும் வாங்க வராதபோதும் ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கிழிப்பார். சர், சர், சர் என்று மூன்று நான்கு தடவை.

"என்னாய்யா இது, குரங்கு கையில பூமாலையாட்டம் எல்லாத்தையும் கிழிக்கிற?" என்பார் மேலாள். ஊரில் இருந்த முதலாளிக்காகக் கடையைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

"கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதுல்ல ஐயா" என்பார் அண்ணன்.

அந்தச் சத்தத்துக்குள் அவர் இருமினார் என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

கடைக்கு மேல்மாடியில் நாங்கள் ஒன்பது பேர் தங்கியிருந்தோம். பாய்களை அடுத்தடுத்து விரித்துப் படுப்போம். நான் வருவதற்கு முன்னால் அந்த மாடியில் ஒருவர் சயரோகத்தில் செத்துப்போயிருக்கிறார். அவர் பக்கத்துப் பாயில் படுத்தவரும் அடுத்த வருடம் போய்விட்டாராம். அதிலிருந்து மேலாள் ஒரு சட்டம் போட்டிருந்தார். மூன்று நாள் இருமினால் தனித் தம்ளர். பத்து நாள் இருமினால் கப்பல். தனித் தம்ளர் என்பது விளிம்பில் ஆணியால் கோடு கீறிய ஓர் அலுமினியத் தம்ளர். சமையற்கட்டு மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். யாரும் அதைத் தொடமாட்டார்கள். கப்பல் என்றால் சிங்கப்பூர் போய், அங்கே மாறி, நாகப்பட்டினத்தில் இறங்குவது. சண்டை நடக்கிற ஊர் இது. ஒருமுறை போனவனுக்குத் திரும்பி வரக் காகிதம் கிடைக்காது. எங்கள் எல்லோருடைய காகிதங்களும் மேலாளின் இரும்புப் பெட்டியில் இருந்தன.

அதனால் அந்த மாடியில் சாதாரணச் சளி பிடித்தவன்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் இருமுவான். ஆனால் அண்ணன் அளவுக்கு யாரும் அதை ஒரு வித்தையாகப் பழகவில்லை.

ஒருநாள் மத்தியானம், கடை அடைத்துச் சாப்பிட்டு எல்லோரும் படுத்திருந்த நேரம், துவைத்த வேட்டியைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். விமான நிலையத்துப் பக்கமாக மூன்று ஹெலிகாப்டர்கள் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் படிக்கட்டில் ஓடி வந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக் குனிந்துகொண்டு, தலைக்கு மேலே அந்த இரைச்சல் இருக்கும் வரைக்கும் இருமினார். என்ன இருமல் அது! வயிறு முதுகோடு ஒட்டியது. இரைச்சல் தூரமாகப் போனதும் வாயை மூடிக்கொண்டார். மிச்ச இருமல் உள்ளே அடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, தோள் இரண்டும் குலுங்கின. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"பாத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"சயம் இல்லடா. இளைப்பு. சின்ன வயசுலேர்ந்து இருக்கு. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. இது யாருக்கும் தொத்தாது."

ஆஸ்துமா என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். அவர் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் மெல்லிய விசில்போல ஒன்று கேட்டது.

"அப்ப சொல்லிடலாமேண்ணே."

"யார்கிட்ட? இந்தச் சத்தம் வேற, அந்தச் சத்தம் வேறன்னு பிரிச்சுப் பாக்கிற காது இங்க எவனுக்கு இருக்கு? இருமல்னா இவங்களுக்கு ஒண்ணுதான். முருகன் மேல சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். அவர் சிரித்தார்.

"பண்ணாட்டாலும் பரவால்ல. நீ எங்க சொல்லப்போற? வாயில்லாப்பூச்சி."

கடையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாங்க வருகிறவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். அதனால் கட்டுகளைத் தூக்கி அடுக்கும் வேலைதான் கொடுத்திருந்தார்கள். சந்தைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வியட்நாம் பாஷை எனக்கு மற்றவர்களைவிட நன்றாக வந்தது. ஆனால் அதையும் பேசமாட்டேன்.

அவரிடம் ஒருவகை மருந்துச் சிகரெட் இருந்தது. ஏதோ இலையைச் சுருட்டியது. பிரெஞ்சுக்காரர் மருந்துக்கடையில் தகர டப்பாவில் கிடைக்கும். அதன் புகையை இழுத்தால் மூச்சு கொஞ்சம் இளகும். அவர் அவற்றை எடுத்துச் சாதாரணச் சிகரெட் பெட்டிக்குள் அடுக்கி வைத்துக்கொள்வார்.

"எந்தக் கடையிலய்யா இந்தச் சிகரெட்ட வாங்குற? வைக்கப்போருல தீ வெச்ச மாதிரி நாறுது" என்பார் சமையற்காரர்.

"துரைமார் குடிக்கிற சரக்கு. கஞ்சி குடிக்கிறவனுக்கு எங்க தெரியும் அதோட வாசம்?"

எல்லோரும் சிரிப்போம். சமையற்காரர் கரண்டியை ஓங்குவார். நோயாளி என்று பெயர் எடுப்பதைவிடக் கெட்ட பழக்கம் உள்ளவன் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. மேலாள் ஒருதடவை சிகரெட்டுக்காக அரை மணி நேரம் திட்டினார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்லாத் திட்டுனாருல்ல?" என்றார் சந்தோஷமாக.

மற்ற விஷயங்களில் அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. கோபம் வந்தால் காட்டிவிடுவார். பிறர் இருமினால் மட்டும் அவர் முகம் மாறும். ஒருதடவை சின்னவன் ஒருவன் மிளகாய் வறுத்த நெடியில் வாய் திறந்து ஓயாமல் இருமினான். அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவைத்தவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

கோயிலுக்குப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவார். ஒரு ஞாயிறு என்னையும் வா என்றார். முருகன் கோயிலுக்குத்தான் என்று நினைத்துப் போனேன். பஸ் ஊர்க்கோடியில் இருக்கும் கோ வாப் பக்கம் போயிற்று. சந்துக்குள் தகரக்கூரை போட்ட ஒரு வீடு. உள்ளே தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு வியட்நாமியப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, கண்ணும் புருவமும் அப்படியே அண்ணன்.

வாசற்படி தாண்டியதும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து இருமத் தொடங்கினார். ஒரு வாரத்து இருமல். மனைவி வந்து உள்ளங்கையால் முதுகைத் தேய்த்துவிட்டாள். குழந்தை பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணியது. மோட், ஹாய், பா. ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதைத் தாண்டினால் கைதட்டியது. அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "இவங்களுக்கு நம்ம தேசத்துக் காகிதம் கிடையாதுடா. கோயில்ல மாலை மாத்துனதுக்கு எவன் முத்திரை குத்துவான்? நான் கப்பல் ஏறுனா அதோட முடிஞ்சுது. இந்தப் புள்ளைய நான் அப்புறம் பாக்க முடியாது. அதான் இருமல முழுங்குறேன்."

 

அந்த வருடம் தெத் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. அவர்களுடைய புது வருடம் அது. புதுத்துணி வாங்க ஊரே சந்தைக்கு வரும். ஞாயிறும் கடை உண்டு. துறைமுகத்தில் தேங்கிக் கிடந்த கட்டுகள் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. சணல் சாக்கைப் பிரித்தால் பஞ்சுத் தூசும் பாச்சை உருண்டை நெடியும் புகைபோல எழும்பும். கட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை மூன்று நாள் நடந்தது. அண்ணனையும் அதில் விட்டார்கள். கோ வாப் போக முடியவில்லை. மருந்துச் சிகரெட் தீர்ந்து, வாங்கப் போகவும் நேரம் இல்லை. பக்கத்துப் பாயில் அவர் உட்கார்ந்தே தூங்கியது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் பாய் அதிர்ந்தது.

நான்காம் நாள் காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் வந்து ஆவ் யாய்க்குப் பட்டு கேட்டாள். அவர்கள் உடுத்துகிற நீள அங்கி அது. அண்ணன் பட்டை விரித்து அளந்துகொண்டிருந்தார். அப்போது வந்தது இருமல். பட்டைக் கிழிக்க முடியாது. பக்கத்தில் பருத்தித் துண்டும் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். உடம்பு முழுவதும் ஒரு தடவை தூக்கிப்போட்டது. மறுபடி. மறுபடி. பிறகு கோலைப் போட்டுவிட்டு நடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு யாருடைய குரலோ. மெலிந்து, மூக்கு வழியாக, பழுதான ரேடியோவில் வருவதுபோல. இரண்டு சொல். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. காற்று மட்டும் வந்தது.

அவரைத் துணிக்கட்டின்மேல் சாய்த்து உட்கார வைத்தோம். வலி நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறுகிறது என்று கையால் காட்டினார்.

"வாயுதான். வேறொண்ணும் இல்ல" என்றார் சமையற்காரர். ஓமத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "ஒரு ஏப்பம் விட்டாச் சரியாப்போயிடும். முக்கி விடுங்க. நல்லா முக்குங்க."

அண்ணன் முக்கினார். முகம் நீலம் பாரித்தது.

பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரி ஓடி வந்து, காற்று பட்டுவிட்டது என்று சொல்லி, காசில் எண்ணெய் தடவி முதுகில் வரிவரியாகச் சுரண்டினாள். மேலாள் வேர்த்துப்போய் நின்றார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் நெஞ்சப் புடிச்சுது. மாரடைப்புய்யா இது. அசைக்காதீங்க, அசைக்காதீங்க" என்றார்.

எங்கள் கடை வந்தவாசிக்காரன் கூட்டத்திலிருந்து மெல்லச் சொன்னான்: "சயம் தொண்டைக்கு ஏறுனாலும் கொரலு போயிடும். எங்க ஊர்ல பாத்திருக்கேன்."

அவரைத் தாங்கிப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. நான் மட்டும் பிடித்திருந்தேன். எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என்னோடு அவரை ஒரு சிக்லோ ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். மேலாள் பின்னால் இன்னொரு சிக்லோவில் வந்தார். வழியெல்லாம் அண்ணன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார்.

தாழ்வாரம் முழுக்க ஆட்கள். சண்டையில் அடிபட்டவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கட்டுப்போட்ட பிள்ளைகள். டாக்டர் மெலிந்த வியட்நாமியர். தூங்கிப் பல நாள் ஆனவர்போல இருந்தார். அண்ணனால் பேச முடியாது. மேலாளுக்கு வியாபாரத்துக்கு வேண்டிய பாஷை மட்டும் தெரியும். நான்தான் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. 

எப்போது வலித்தது, திடீரென்றா மெல்ல மெல்லவா என்று கேட்டார் டாக்டர். மூச்சை இழுத்தால் கூடுகிறதா, இடது கைக்குப் போகிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அண்ணன் தலையாலும் கையாலும் பதில் சொன்னார்.

"முன்னால் இளைப்பு உண்டா?"

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார்.

"பலமாக இருமினாரா? வாந்தி எடுத்தாரா? கனமாக எதையாவது தூக்கினாரா?"

இல்லை, இல்லை, இல்லை.

"எங்க ஆளு இருமவே மாட்டான்னு சொல்லுடா" என்றார் மேலாள். "நாலு வருசமா ஒரே மாடியில இருக்கோம். ஒரு தடவ இருமி நான் கேட்டதில்ல. அதுக்கு நான் ஜாமீன்."

அதையும் சொன்னேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். முகத்தைச் சுளித்தார். இதயமா நுரையீரலா என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை; இப்போதைக்குச் சயரோக வார்டில் ஒரு கட்டில் இருக்கிறது, அங்கே படுக்கட்டும்; எக்ஸ்ரே எடுக்க முறை வர மூன்று நாள் ஆகும் என்றார். சீட்டில் எழுதத் தொடங்கினார்.

அப்போது அண்ணனுக்கு மறுபடி இருமல் வந்தது. டாக்டர் முன்னாலேயே, அந்த நிலையிலும், உதட்டை இறுக்கி விழுங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கழுத்து, பம்பு அடித்ததுபோல, ஒரு பக்கம் உப்பி எழும்பியது.

நான் பேசினேன். அவ்வளவு சத்தமாக என் குரலை நானே கேட்டதில்லை. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்கிறார். இவருக்கு இளைப்பு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து. இவர் நாள் முழுக்க இருமுகிறார். வாயை மூடிக்கொண்டு இருமுகிறார். மூன்று நாளாகத் தூசியில் நின்றார். இப்படித்தான் இருமுகிறார்." நான் உதட்டை இறுக்கி, உள்ளுக்குள் இருமி, செய்தே காட்டினேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு விரலால் அண்ணனின் கழுத்தை அழுத்தினார். தோளெலும்புக்கு மேலே அழுத்தினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கஞ்சி போட்ட புதுத்துணியை மடித்து அழுத்தினால் உள்ளே மொறமொறவென்று நொறுங்குமே, தோலுக்கு அடியில் அப்படி நொறுங்கியது.

"காற்று" என்றார் டாக்டர். "சைக்கிள் டியூபின் வாயை அடைத்துக்கொண்டு காற்றடித்தால் ரப்பர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே விடும். இவன் நெஞ்சுக்குள் அப்படி விட்டிருக்கிறது. அந்தக் காற்று மூச்சுக்குழாய் ஓரமாகவே கழுத்துக்கு ஏறிவிட்டது. அதுதான் வலி. குரல் போனதும் அதனால்தான்."

அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இருக்கக் கூடாத இடத்தில் காற்று நிற்கிற கறுப்புக் கோடுகளைக் காட்டினார். நான் அவரிடம் கேட்டேன், இளைப்பு உள்ளவர்களுக்கு எல்லாம் இப்படி வருமா என்று. ஒருதடவை பேசிவிட்டதால் எனக்குத் தைரியம் வந்திருந்தது.

"அபூர்வம். ஆனால் இளைப்புக்காரனுக்கு நெஞ்சு வலித்தால், எல்லாம் இளைப்புதான் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. இருமி இருமி விலாச்சதை இழுத்துக்கொண்டிருக்கலாம். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி நெஞ்சையும் தொண்டையையும் எரித்திருக்கலாம். தொண்டை புண்ணாகிக் குரல் கட்டலாம். இதயமாகவும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும். நோயாளியே மறைத்தால் நான் எதைப் பார்ப்பது?"

பிறகு மேலாளிடம் திரும்பினார். அவருக்கு விளங்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சயரோகம் இல்லை. தொத்தாது. அதை இரண்டு தடவை சொன்னார். மேலாள் இரண்டு தடவையும் "யா, யா" என்று அவர்கள் பாஷையிலேயே பணிவாகத் தலையாட்டினார்.

காற்று தானாக வற்றிவிடும், அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இளைப்புக்கு ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பத்து நாள் பேசக் கூடாது. இருமல் வந்தால் ஒருபோதும் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து இருமவேண்டும். நான் இதையெல்லாம் தமிழில் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

ஆறாம் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இலை போட்டிருந்தார்கள். அவர் இலை மட்டும் படிக்கட்டு ஓரத்தில் தள்ளிப் போட்டிருந்தது. அதன் பக்கத்தில் கோடு கீறிய தம்ளர்.

அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு மேலாளைப் பார்த்தார்.

"டாக்டரு என்னென்னமோ சொன்னாருய்யா" என்றார் மேலாள், எல்லோருக்கும் பொதுவாக. "நெஞ்சுல ஓட்டைன்னாரு. காத்துன்னாரு. நமக்கு அவங்க பாஷை எங்க முழுசா வெளங்குது? எட்டுப் பேரு உசுரு என் பொறுப்புல இருக்கு. நாளைக்கு ஒருத்தனுக்கு ஏதாவது ஆனா அவன் வூட்டுக்கு நான் என்ன பதில் எழுதுறது? அதுவும் இத்தன வருசம் நம்மள எல்லாம் ஏமாத்தியிருக்கான். வந்தவாசிக்காரன் நம்ப மாட்டேங்கிறான், சமையக்காரரு பயப்படுறாரு. கப்பலுக்குச் சொல்லிட்டேன்."

 அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போதுதான், ஆறு நாளுக்குப் பிறகு, நேராகப் பார்த்தார். கையை நீட்டி என்னைக் காட்டினார்.

மேலாளும் திரும்பினார். "ஆமா, நீதானே கூட இருந்த. நீ சொல்லு. டாக்டரு நிச்சயமா தொத்தாதுன்னு சொன்னாரா?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மேலாளுக்குப் பின்னால் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் என் காகிதமும் இருந்தது. ஆமாம் என்றால் மேலாளைப் பொய்யன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதாகும். அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. 

"எனக்குச் சரியா வெளங்கலங்கய்யா" என்றேன்.

அண்ணனின் கை கீழே இறங்கியது.  பிறகு பேசினார். பத்து நாள் பேசக் கூடாதவர் பேசினார்.

"தொத்தா..."

அந்தக் கரகரப்பான பாதிச் சொல்லோடு இருமல் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி அவர் வாயைத் திறந்து இருமினார். அந்த வீட்டில் முதல் தடவையாக. எல்லோரும் கேட்க, எல்லோரும் பார்க்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் இருமினார். உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து சுவரோரம் போய்விட்டார்கள். சமையற்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

தெத் முடிந்த மறுவாரம் கப்பல். அவர் டிரங்குப் பெட்டியைத் துறைமுகத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மனைவியும் குழந்தையும் வந்திருந்தார்கள். மனைவி அழவில்லை. அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், தையல் உறுதியாக இருக்கிறதா என்று. குரல் அவருக்கு முக்கால்வாசி திரும்பியிருந்தது. குழந்தையிடம் நிறையப் பேசினார். ஏறப்போகும்போது என்னிடம் வந்தார். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெயில்ல நிக்காத. போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம், தெத் வரும்போதெல்லாம் அண்ணனின் மனைவி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். கடிதம் வந்ததா என்று கேட்பாள். நான் கட்டுகளுக்குப் பின்னால் போய்விடுவேன். இல்லை என்று வேறு யாராவது சொல்லி அனுப்புவார்கள். நான்காம் வருடம் அவள் வரவில்லை. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மேலாள் செத்துப்போனார். கடையில் இப்போது பழைய ஆட்கள் மூன்று பேர்தான் மிச்சம். போன வாரம் சாப்பிடும்போது, துணி கிழிப்பதைப் பற்றிப் பேச்சு வந்து, வேறு கடையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவரிடம் சமையற்காரர் சொன்னார்: "முன்னாடி ஒருத்தன் இருந்தான், என்னமாக் கிழிப்பான் தெரியுமா! பாவம், சயரோகக்காரன். எங்களுக்கெல்லாம் தொத்தியிருக்கும், நல்ல வேளை அனுப்பிட்டோம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய் இந்த நோட்டை வாங்கினேன்.

டாக்டர் சொன்னது எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவருக்கு இருந்தது இளைப்பு. சயரோகம் இல்லை, தொத்தாது என்று டாக்டர் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

சைகோன்,
1974 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை.